மின் சிக்கன மாதிரி வீடு: சென்சார் முதலில் அளக்கட்டும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் சித்திரை பிறந்துவிட்டால், மதியம் 12 மணிக்கு மேல் சிமெண்டு ஷீட் போட்ட வீட்டுக்குள் உட்கார முடிவதில்லை. கான்கிரீட் தளம் போட்ட வீட்டின் நிலைமை வேறு விதம். முற்பகலில் ஓரளவு தாங்கும். ஆனால் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு 10 மணிக்கு மேல் அறைக்குள் இறக்கும். வயதானவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். மின்விசிறியோ ஓயாமல் சுற்றுகிறது. அதன் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கட்டணம் கட்டும்போதுதான் தெரிய வருகிறது.

இப்போது 'ஸ்மார்ட் வீடு' என்ற பெயரில் பல கருவிகள் கடைக்கு வந்துள்ளன. ஆள் நுழைந்தால் விளக்கு எரியும், வெளியேறினால் அணையும். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் அட்டையில் ஒரு வீடு செய்து, அதில் சென்சார்களைப் பொருத்திக் கண்காட்சியில் வைக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் விவசாயி தம் வீட்டில் இதைச் செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது?

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடக் கூடாது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். வீட்டுக்கும் அதே விதிதான். சென்சார் முதலில் அளக்க வேண்டும். அணைப்பதும் போடுவதும் அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை.

எங்கே போகிறது மின்சாரம்?

முதலில் ஒரு சிறு கணக்கு. சாதாரண மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். மூன்று விசிறிகள் என்றால் 162 யூனிட். இவற்றுக்குப் பதிலாக 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. வகை விசிறிகளைப் போட்டால், அதே 12 மணி நேரத்துக்கு மூன்றும் சேர்ந்து 65 யூனிட்தான் ஆகும். மிச்சம் 97 யூனிட்.

இப்போது விளக்கைப் பாருங்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, ஆள் இல்லாத அறையில் தினமும் 3 மணி நேரம் வீணாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அணைக்க ஒரு சென்சார் போடுகிறோம். இரண்டு மாதத்தில் மிச்சமாவது 1.6 யூனிட். அந்தச் சென்சாரைக் கைப்பேசியோடு இணைக்க வேண்டும் என்று 8 வாட் வைஃபை பெட்டி ஒன்றை இரவும் பகலும் போட்டு வைத்தால், அது மட்டும் இரண்டு மாதத்தில் 11.5 யூனிட் குடித்துவிடும். அதாவது மிச்சம் பிடிக்க வாங்கிய கருவி, மிச்சத்தைப் போல 7 மடங்கு செலவு வைக்கிறது. கண்காட்சி மாதிரிகளில் இந்தக் கணக்கை எழுதி ஒட்டுவதில்லை.

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு குதிரைத் திறன் மோட்டார் தினம் 20 நிமிடம் அதிகமாக ஓடினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு யூனிட். இரண்டு மாதத்தில் 20 யூனிட், தண்ணீரும் வீண். ஆகவே வீட்டுக்கு ஒரே ஒரு சென்சார்தான் வாங்க முடியும் என்றால், தொட்டியில் போடும் மிதவை சுவிட்சைத்தான் வாங்கச் சொல்வேன். இதில் நுணுக்கம் எதுவும் இல்லை. மிதவை மேலே வந்தால் மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். படிப்படியாக விலை ஏறும் மின் கட்டணத்தில், குறையும் யூனிட்டுகள் எல்லாம் மேல் படியில் உள்ள விலை கூடிய யூனிட்டுகள் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சென்சார் இருக்கிறது. மின் மீட்டர்தான் அது. தினமும் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அதன் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்பது போன்ற கணக்கு மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். ஓர் ஒளிச் சென்சாரை அந்த விளக்குக்கு எதிரே வெளியிலிருந்து ஒட்டி வைத்து, மின்னுவதை எண்ணச் செய்யலாம். ஒரு கம்பியையும் தொட வேண்டியதில்லை. மீட்டரின் முத்திரையில் கை வைக்கக் கூடாது, அது குற்றம்.

களத்து மேட்டில் இரண்டு பெட்டிகள்

திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையத்தை இப்பகுதி விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டி.எம்.வி. என்ற எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை நாடு முழுவதும் பரவிய ரகம். ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்தைச் சோதிக்கும்போது என்ன செய்கிறார்கள்? பக்கத்திலேயே பழைய ரகத்தையும் ஒரு பாத்தியில் விதைக்கிறார்கள். மண், தண்ணீர், உரம், விதைத்த நாள் எல்லாம் ஒன்று. ரகம் மட்டும் வேறு. அப்போதுதான் எதனால் விளைச்சல் கூடியது என்று சொல்ல முடியும்.

மாதிரி வீட்டையும் அப்படியே செய்ய வேண்டும். ஒரே ஒரு மாதிரி வீடு கட்டினால் அதில் ஒன்றும் தெரியாது. இரண்டு தேவை.

களத்து மேட்டிலோ தோட்டத்திலோ நிழல் விழாத இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் இரண்டு செங்கல் பெட்டிகளை அரைக்கல் சுவராகக் கட்டுங்கள். பெட்டிக்குச் சுமார் 200 செங்கல் பிடிக்கும். சேற்றுக் கலவையே போதும். வேலை முடிந்தபின் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழாதபடி 10 அடியாவது இடைவெளி விட வேண்டும். இரண்டுக்கும் வடக்குப் பார்த்து ஒரே அளவில் ஒரு சிறு ஜன்னல். மேலே இரண்டுக்கும் ஒரே விதமான சிமெண்டு ஷீட். ஷீட்டை அறுக்கும்போது அதன் தூசு மூச்சில் போகக் கூடாது. பெரும்பாலான ஷீட்டுகளில் கல்நார் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்து, கைரம்பத்தால் அறுப்பது நல்லது.

சென்சாருக்கு டி.எஸ்.18பி20 என்ற வெப்பச் சென்சார் உகந்தது. துருப்பிடிக்காத எஃகு உறையில், நீர் புகாதபடி, நீண்ட கம்பியோடு கிடைக்கிறது. அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உள்ளே பதிந்திருப்பதால், ஒரே கம்பியில் பலவற்றை வரிசையாக மாட்டலாம். இவற்றைப் படிக்க இ.எஸ்.பி.32 என்ற சிறு பலகை போதும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை என்று நாளுக்கு 144 முறை அளந்து நினைவு அட்டையில் எழுதிவிடும். வைஃபை வேண்டாம். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து கொடுத்துவிடும்.

பொருத்துமுன் எல்லாச் சென்சார்களையும் ஒன்றாகக் கட்டி ஒரு குடம் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைத்துப் படியுங்கள். ஒரே தண்ணீரில் ஒன்று 29.1 என்றும் மற்றொன்று 29.6 என்றும் காட்டினால், அந்த அரை டிகிரியைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். தராசைச் சரிபார்க்காமல் எடை போடுவது எவ்வளவு தவறோ அவ்வளவு தவறு இதைச் செய்யாமல் விடுவது.

பெட்டிக்கு இரண்டு சென்சார். ஒன்றை ஷீட்டின் அடியில் ஒட்டவும். மற்றதைப் பெட்டியின் நடுவில், எதிலும் படாமல் தொங்கவிடவும். ஐந்தாவதாக ஒன்று வெளிக்காற்றை அளக்க வேண்டும். அதை வெயிலில் விட்டால் தவறாகக் காட்டும். வானிலை நிலையங்களில் சாய்ந்த பலகைகள் வைத்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒன்று செய்து, 4 அடி உயரத்தில் அதற்குள் வையுங்கள்.

முதல் வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். காட்டாவிட்டால் எங்கோ ஓட்டையோ நிழலோ இருக்கிறது. இரண்டாம் வாரம் ஒரு பெட்டியின் ஷீட்டுக்கு மட்டும் கெட்டியாக இரண்டு முறை சுண்ணாம்பு அடியுங்கள். மூன்றாம் வாரம் அதே பெட்டிக்குள், ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே, மூங்கில் பாயைக் கட்டுங்கள். நான்காம் வாரம் மேற்குச் சுவருக்குத் தென்னங்கீற்றால் நிழல் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு, குளிர்ந்தது என்று சந்தோஷப்படுவதில் பயன் இல்லை. எதற்குப் பணம் போட வேண்டும் என்பது தெரியாமல் போய்விடும்.

சிறு பெட்டி, வீட்டைவிடச் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். ஆகவே பெட்டிக்குள் 44 டிகிரி என்றால் வீட்டுக்குள்ளும் 44 என்று நினைக்கக் கூடாது. இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய எண்.

புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். 2010-ல் கடும் வெப்ப அலையில் தவித்த அகமதாபாத் நகரம், 2013-ல் வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் 2017 முதல் ஏழைகளின் குடியிருப்புகளில் கூரைக்கு வெள்ளையடிக்கும் பணியையும் அதில் சேர்த்தது. வெள்ளைக் கூரையால் அறையின் வெப்பம் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்று கணக்கிடுகிறார்கள். நாம் பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிறோம், கூரையை விட்டுவிடுகிறோம். பனி முடிந்து மாசி, பங்குனியில் கூரைக்கு அடித்தால் கத்தரி வெயிலுக்குப் புதிதாக இருக்கும். தூசும் பாசியும் படிந்தால் பலன் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதையும் அதே சென்சார்கள் காட்டிவிடும்.

பக்கத்திலேயே பார்க்கலாம்

இவற்றை வெளிநாட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நமது மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில் இருக்கிறது. அங்கே 1989 முதல் செயல்படும் மண் கட்டடக் கலைப் பிரிவு, செம்மண்ணுடன் சுமார் 5 சதவீதம் சிமெண்டு கலந்து இயந்திரத்தில் அழுத்திக் கற்கள் செய்கிறது. சூளை இல்லை, விறகு இல்லை. நீரூற்றிப் பதப்படுத்தினால் போதும். பார்வையாளர் மையமே இந்தக் கல்லில் எழுந்ததுதான். பொதுச் சமையற்கூடத்தின் மேல் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் ஒன்று வெயிலைக் குவித்து, சமையலுக்கு நீராவி தருவதற்காக அமைக்கப்பட்டது.

புதுச்சேரியில் உள்ள கோல்கொண்டா என்ற விடுதி இன்னும் பழையது. அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1937-ல் வேலை தொடங்கியது. வடக்கு, தெற்குச் சுவர்கள் முழுவதும் திறந்து மூடும் பட்டைப் பலகைகள். கான்கிரீட் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். வெயில் ஓட்டில் விழும், இடையில் காற்று ஓடும், தளம் சுடாது. குளிர்பதன இயந்திரம் இல்லாமலே அந்தக் கட்டடம் இத்தனை காலம் வெயிலைத் தாங்கி நிற்கிறது. நம் கிராமத்தில் மாடியில் கீற்றுப் பந்தல் போடுகிறவர், இந்த வேலையைத்தான் குறைந்த செலவில் செய்கிறார்.

மத்திய மின்சிக்கன வாரியம் 2018-ல் குடியிருப்புகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு அதில் ஓர் உச்ச அளவு உண்டு. மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளம், அந்த அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை இறக்குகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மேலே தட்டோடு பதிக்கும் பழைய வழக்கத்தைச் செலவு என்று கைவிட்டதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

இனி வீட்டுக்குள்

பெட்டிகளில் தெரிந்துகொண்டதைக் கூரையில் செய்து முடித்தபின், வீட்டுக்குள் சென்சார் வைக்கலாம். முதலில் வைக்கத் தக்கது மிக எளிமையானது: அறைக்குள் ஒரு வெப்பச் சென்சார், வெளியே நிழலில் ஒன்று, ஒரு பச்சை விளக்கு. உள்ளே இருப்பதைவிட வெளியே ஒரு டிகிரியாவது குளிர்ந்திருந்தால் பச்சை எரியட்டும். எரிந்தால் ஜன்னலைத் திறவுங்கள். காலையில் அணைந்ததும் மூடுங்கள். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். பகல் முழுதும் திறந்து வைத்து அனலை உள்ளே விடுகிறார்கள், இரவில் கொசுவுக்குப் பயந்து மூடுகிறார்கள். கொசு வலை அடிக்க ஆகும் செலவு எந்தக் கருவியின் விலையையும்விடப் பலன் தரும்.

ஆள் நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். சென்சார் பற்றி எச்சரிக்கை தேவை. அது ஆளைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்தைவிட வெப்பமான ஒன்று நகர்வதைத்தான் உணர்கிறது. இதனால் இரண்டு குறைகள். அசையாமல் தூங்குகிறவர் அதன் கணக்கில் இல்லை. மே மாதத்தில் சுவரும் நம் தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது நடந்து போகிறவரையும் சில சமயம் தவறவிடும். இதை மின்விசிறியோடு இணைத்தால், படுத்திருக்கும் பெரியவரின் விசிறி நடு இரவில் நின்றுவிடும். வெப்ப காலத்தில் இது உயிருக்கே ஆபத்து. கழிப்பறை, மாட்டுக் கொட்டகை, படிக்கட்டு ஆகிய இடங்களில் விளக்குக்கு மட்டும் போடுங்கள். இருட்டில் சுவிட்சைத் தேடும் சிரமமும் பாம்பு பயமும் குறையும். எந்த இடமானாலும் கையால் போடும் சுவிட்ச் ஒன்று தனியே இருந்தே ஆக வேண்டும். அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறிக் காற்றே உடலைச் சூடாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளவும். அப்போது ஈரத் துணியும் நிழலும்தான் துணை.

230 வோல்ட் கம்பியில் ரிலே இணைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது. உரிமம் பெற்ற மின் பணியாளர் செய்ய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் சரியான நில இணைப்பும் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பலகை இருக்கும் பெட்டியின் துவாரங்களை மெழுகாலோ ரப்பராலோ அடையுங்கள். எனக்குத் தெரிந்து கருவி கெட்டுப்போன இடங்களில் பாதியில் குற்றவாளி எறும்பு, மீதியில் பல்லி.

விதைக் கடலைக்கும் ஒரு சென்சார்

விவசாயி வீட்டில் மனிதர் மட்டும் வசிப்பதில்லை, விதையும் வசிக்கிறது. அடுத்த பட்டத்துக்கு வைத்த நிலக்கடலை, சூட்டிலும் ஈரத்திலும் முளைப்புத் திறனை இழக்கும். ஈரம் கூடினால் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். விதையின் ஈரத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதை நிபுணர் ஹாரிங்டன் வகுத்த விதி.

டி.எச்.டி.22 என்ற சென்சார் வெப்பம், காற்றின் ஈரப்பதம் இரண்டையும் காட்டும். அதை அறையில் மாட்டினால் விதையின் நிலை தெரியாது. துளையிட்ட சிறு டப்பாவில் வைத்து, துணி சுற்றி, மூட்டையின் நடுவில் காய்களுக்குள் புதைக்க வேண்டும். காய்களுக்கு இடையில் உள்ள காற்று, காயின் ஈரத்துக்குத் தக்கபடி நிலைக்கும். அது 65 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. 70-ஐத் தாண்டி இரண்டு மூன்று நாள் நின்றால், மூட்டையைப் பிரித்து இளவெயிலில் மறுபடி உலர்த்துங்கள். பாலிதீன் உள்ளுறை போட்ட சாக்கில், நன்கு உலர்ந்த காயை உடைக்காமல் முழுக் காயாகவே வைப்பது நல்லது. கல் தரையில் மூட்டையை அடுக்கக் கூடாது. கட்டை போட்டு அடுக்கவும்.

வயலுக்கும் இதே வழி உண்டு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டும் கருவியை மண்ணில் குத்தினால், ஈரம் மிகுதி என்றால் நீல விளக்கு எரியும். போதும் என்றால் பச்சை. பாய்ச்சலாம் என்றால் ஆரஞ்சு. உடனே பாய்ச்ச வேண்டும் என்றால் சிவப்பு. பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசமாக இருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் இலவசம் அல்ல.

கூரையில் சூரிய மின் பலகை வைக்க விரும்புவோருக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் அறிவித்தது. ஒரு கிலோவாட் பலகைக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். தளத்துக்கு நிழலும் ஆகும். முதலில் விசிறியை மாற்றி, கூரையை வெளுத்து, தேவையைக் குறைத்துக்கொண்டு அளவை முடிவு செய்தால் சிறிய பலகையே போதும். 2011 டிசம்பரில் வந்த தானே புயலை மறக்காமல், தாங்கிகளைத் தளத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் சுற்றுப்புறத்தில் பல வீடுகளில் தண்ணீர் புகுந்தது. சென்சார் பலகை, மின்கலம், சுவிட்ச் எதுவும் அந்த வெள்ளத்தின் அடையாளக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. ஐப்பசி பிறப்பதற்குள் களத்து மேட்டுச் சென்சார்களைக் கழற்றித் துடைத்து, கம்பிகளில் எண்ணெய்த் துணி சுற்றிப் பரணில் வையுங்கள். நோட்டையும் நினைவு அட்டையையும் அவற்றோடு சேர்த்தே வைத்தால், மாசியில் சுண்ணாம்பு கரைக்கும்போது தேடும் வேலை இராது.